மேடை நிஜமாகவே கோணல்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் சான்றோர்களே, என்னைப் பற்றி உண்மை பாதி, அன்பு பாதியாக எடுத்துச் சொன்ன செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் வைத்திருந்த இரண்டு நகைச்சுவையையும் தாமே சொல்லித் தீர்த்துவிட்ட அருமை நண்பரே, கடைசி வரிசையில் கதவோரமாக இடம் பிடித்திருக்கும் புத்திசாலிகளே, ஒலிப்பெட்டிக்குப் பின்னால் நின்றபடியே கேட்கும் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

நாடக மாநாட்டுக்காகப் பெருநகரம் போய்வந்தீர்களே, என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்கள். மூன்று செய்திகள் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று மேடை, இரண்டு கதவு, மூன்று காசு. வரிசையாகச் சொல்கிறேன்.

'ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.' இந்தப் பழமொழியை நான் ஒரு ஆயிரம் முறையாவது சொல்லியிருப்பேன். வசனம் மறந்தவரிடம் சொல்வேன், ஒத்திகைக்குத் தாமதமாக வந்தவரிடம் சொல்வேன். அந்தப் பழமொழியே என்னைத் திருப்பி அடித்த கதையைக் கேளுங்கள்.

முதல் நாள் காலை. இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்தே வந்த கண் எரிச்சல். அரங்கத்தின் முன்வாசல் எது, பின்வாசல் எது என்று புரியவில்லை. திறந்திருந்த ஒரு கதவுக்குள் நுழைந்தேன். உள்ளே ஒரே இருட்டு. இடுப்பில் சுத்தியல் தொங்க, கையில் டார்ச்சோடு ஒரு பெரியவர் வந்தார். "இப்பதான் வர்றியா? பிடி இதை" என்று ஒரு கயிற்றை என் கையில் கொடுத்தார். அன்று வரவேண்டிய கூலியாள் வரவில்லை. நான்தான் அவன் என்று நினைத்துவிட்டார்! நான் பேராளர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் குரலுக்கு அப்படியொரு அதிகாரம். இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படுதா இழுத்தேன், பலகை தூக்கினேன்.

தொடக்க உரை ஆரம்பித்தது. சிறப்புரையாளர் பெரிய மேதை. சக்கரம் வைத்த பேச்சு மேசைமேல் கை வைத்து, "நாடகம் மக்களை நோக்கி நகர வேண்டும்" என்றார். மேசை நகர்ந்தது! மெதுவாக, மரியாதையாக, மக்களை நோக்கி. அவரும் பேச்சை விடாமல் கூடவே போகிறார். கூட்டம் இதையும் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டுகிறது. எங்கள் பெரியவர் குனிந்தபடியே ஓடி, சக்கரத்தின் அடியில் ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டுத் திரும்பினார். வந்து என் காதில் சொன்னார்: "ஆப்பு வைச்சாத்தான் இங்க பேச்சு நிக்கும்."

அப்புறம்தான் விளக்கினார். பழைய பாணி மேடை அது. பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் தாழ்ந்திருக்கும். 1545-ல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் செபாஸ்டியானோ செர்லியோ எழுதி வெளியிட்ட மேடை அமைப்பிலேயே இந்தச் சரிவு உண்டு. வரைந்த தெருவும் வீடுகளும் தூரத்தில் போய் மறைவதுபோல் காட்டுவதற்கான ஏற்பாடு. பின்மேடையை 'அப்ஸ்டேஜ்' என்கிறோமே, அது உண்மையிலேயே மேல்தான்! ஆக, ஆடத் தெரியாதவள் என்று நாம் கேலி செய்தவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். மேடை கோணல். ஆப்பு வைக்கிற ஆள் யார் என்றுதான் நாம் கேட்கவில்லை.

பொருளாளர் அவர்கள் இப்போதுதான் வந்து அமர்கிறார்கள். வணக்கம் ஐயா, இன்னும் காசு விஷயத்துக்கு வரவில்லை.

மாநாட்டின் மற்ற அமர்வுகளும் நன்றாகத்தான் இருந்தன. ஒன்றில் தூங்கிவிட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சுவீடன் நாட்டு டிராட்னிங்ஹோம் அரங்கைப் பற்றிப் பேசியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1766-ல் கட்டியது. மேடைக்கு அடியில் ஆட்கள் ஒரு பெரிய மரச் சுழலியைச் சுற்றினால் பக்கத்திரைகள் எல்லாம் ஒரே சமயத்தில் மாறும். காடு அரண்மனையாகிவிடும். கைதட்டல் மேலே நிற்பவருக்கு. வேர்வை கீழே இருப்பவருக்கு.

இரண்டாவது, கதவு. 1903 டிசம்பர் 30, சிகாகோ நகரின் இராக்குவா அரங்கம். திறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. விளக்குப் பொறி திரைச்சீலையில் பற்றியது. தீயைத் தடுக்க இறங்க வேண்டிய திரை பாதியில் சிக்கிக்கொண்டது. சில கதவுகள் பூட்டியிருந்தன, சில உள்பக்கமாகத் திறப்பவை. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும் குறுக்குக் கம்பிப் பூட்டு அமெரிக்காவில் பரவியது அதற்குப் பிறகுதான். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்தத் திரை எங்கே சிக்கும் என்று அரங்கில் யாருக்குத் தெரியும்? நடிகருக்கா, எனக்கா? சுத்தியலைத் தொங்கவிட்டிருந்தாரே, அவருக்கு!

அந்த மாநாட்டு மலரைப் புரட்டிப் பார்த்தேன். விளம்பரதாரருக்கு முழுப் பக்கம். என் படம்கூட இருந்தது. பெரியவர் பெயர் இல்லை. மூன்று நாளும் பேராளர் இருக்கையில் மேடைப் பணியாளர் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. மேடை வடிவமைப்புக்கென்றே பிராக் நகரில் 1967-லிருந்து நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெரிய கண்காட்சி நடத்துகிறார்கள். வடிவமைப்பாளருக்காவது அப்படி ஓர் இடம் கிடைத்தது. கயிறு இழுப்பவருக்கு?

அதனால் என் கோரிக்கை இரண்டு. ஒவ்வொரு நாடக அறிவிப்பிலும் விளக்குப் போடுபவர், ஒப்பனை செய்பவர், சீன் தள்ளுபவர் பெயர் நடிகர் பெயரின் அதே எழுத்தளவில் வர வேண்டும். அடுத்த மாநாட்டுக்குக் குழுக்கள் மூன்று பேரை அனுப்பினால், அதில் ஒருவர் திரைக்குப் பின்னால் வேலை செய்பவராக இருக்க வேண்டும். 'அவர்களுக்குப் பேசத் தெரியாதே' என்பவர்களுக்கும் அதே பழமொழிதான் பதில்: ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். கோணலை நிமிர்த்தத் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. சரி, காசு விஷயத்தைப் பொருளாளரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். கோரிக்கைத் தாள் கதவோர மேசையில் இருக்கிறது, புத்திசாலிகள் முதலில் கையெழுத்துப் போடலாம். ஒலிப்பெட்டித் தம்பி, நீயும் வா. உன் பெயரை முதலில் எனக்குச் சொல்.