மீன் துள்ளினால் ஆறு சுகமா?

நேயர்களுக்கு வணக்கம்.

கண்டி நகரத்துக் கழிவைச் சுமக்கும் மெத எல என்ற ஓடை, மகாவலியில் சேர்கிறது. அந்த மகாவலிதான் 335 கிலோமீற்றர் ஓடி நமது கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. ஆகவே நகரங்களுக்குள் கெட்டுப்போகும் ஆறுகள் திருகோணமலைக்காரரின் கவலையும்தான்.

"தண்ணி கறுத்தால் என்ன, மீன் துள்ளுதுதானே" என்பார்கள். எந்த மீன் என்று கேளுங்கள். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும். அழகுமீன் தொட்டிகளிலிருந்து ஆற்றுக்குள் வந்த டேங்க் கிளீனரும் அப்படித்தான். திலாப்பியா ஒட்சிசன் குறைந்த நீரையும் தாங்கும். இவை மட்டுமே பெருகியிருந்தால் அது நோயின் அறிகுறி. 1981 இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் கார், மீன்களைக் கொண்டு ஓடையின் நலத்தை மதிப்பிட 12 அளவுகோல்களை முன்வைத்தார்: எத்தனை இனங்கள், மாசு தாங்காதவை உண்டா, புண்ணும் கட்டியும் எத்தனை மீனில் என்றெல்லாம். அவை அங்குள்ள ஓடைகளுக்கானவை. நமது ஆறுகளுக்கு நமது மீன்களை வைத்தே அளவுகோல் செய்ய வேண்டும்.

சரி, மீனை எப்படிப் பார்ப்பது? வீச்சு வலை குப்பையில் மாட்டிக் கிழியும். செவுள் வலையில் வலைக்கண்ணின் அளவுக்கு ஏற்ற மீன்தான் படும். மின்சாரத்தால் மயக்கிப் பிடித்து, அளந்து, திரும்ப விடுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. நன்னீரில் அது நல்ல முறை. முகத்துவாரத்து உவர்நீரில் எடுபடாது. மின்சாரம் மீனுக்குள் போகாமல் உப்புத் தண்ணீர் வழியே ஓடிவிடும்.

இப்போது ஆற்று நீரை வடிகட்டி, மீன்கள் விட்டுச்சென்ற சளியிலும் கழிவிலும் உள்ள டி.என்.ஏ. என்ற மரபுப் பொருளைப் படித்து, எந்தெந்த மீன் என்று கண்டுபிடிக்கிறார்கள். வலை இறக்க முடியாத இடங்களுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் நகரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் பாரையும் சூரையும் கழுவிய தண்ணீர் கான் வழியே ஆற்றுக்குப் போகிறது. அப்புறம் ஆய்வுகூட அறிக்கையில், ஆற்றில் சூரை இருப்பதாக வந்து நிற்கும்! மீனின் நீளமோ, உடலில் உள்ள புண்ணோ இந்த முறையில் தெரியாது. ஆகவே வலையும் வேண்டும், நீர் மாதிரியும் வேண்டும்.

முகத்துவாரத்தில் தொழில் செய்யும் அண்ணன்மாரிடம் ஒன்று கேட்கிறேன். ஒரே இடத்தில், ஒரே வலையால், ஒரே பருவத்தில் பிடித்ததை எழுதி வையுங்கள்: தேதி, நேரம், வற்றா பெருக்கா, வலைக்கண்ணின் அளவு, எத்தனை வீச்சு, என்னென்ன மீன். வலை வெறுமையாக வந்த நாளில் பூச்சியம் என்று எழுதுங்கள். அந்தப் பூச்சியம் இல்லாவிட்டால், மீன் இல்லாமல் போனதா, அன்று யாரும் வலை வீசவில்லையா என்று பிற்பாடு பிரித்தறிய முடியாது.