மூங்கில் துணி என்று சொல்லி என்னிடம் விஸ்கோஸ் விற்கப் பார்த்தார்கள்

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியில் நாம் திறக்கவிருக்கும் தேநீர்க் கடையின் தரைவேலை முடிந்ததைச் சென்ற காணொளியில் பார்த்தீர்கள். இன்று நாற்காலிகளையும் திரைச்சீலைகளையும் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். காட்டுகிறேன், ஆனால் முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். என்னைப் பல நாளாகப் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல.

விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் மொத்தமாகத் துணி கொடுக்கும் கோயம்புத்தூர்க் கடை ஒன்றில், ‘இது மூங்கில் துணி, சுற்றுச்சூழலுக்கு எந்தக் கேடும் இல்லை’ என்று சொல்லி மீட்டருக்கு 640 ரூபாய் கேட்டார்கள். சுருளின் ஓரத்தைப் புரட்டினால் அச்சிட்டிருப்பதோ ‘விஸ்கோஸ் 100%’. மூங்கிலோ வேறு மரமோ, கூழாக்கி, எரிசோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்து, கந்தக அமிலத் தொட்டிக்குள் நூலாக இழுத்துவிட்டால், அதன் பிறகு அது வெறும் விஸ்கோஸ்தான். அந்தக் கார்பன் டைசல்பைடு ஆலைத் தொழிலாளர்களின் நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. இப்படிப்பட்ட துணியை மூங்கில் என்று பெயரிட்டு விற்றவர்கள்மீது அமெரிக்க வணிக ஆணையம் 2009-லேயே நடவடிக்கை எடுத்தது.

நம் மலைக்காரர்களிடம் இதை விற்க வருவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இங்கிருந்து வெட்டிய கற்பூர மரங்கள், அதாவது யூகலிப்டஸ், மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குப் போனதையும், அந்த ஆலைக் கழிவு பவானி ஆற்றை என்ன செய்தது என்பதையும் நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதே மரக்கூழிலிருந்து லையோசெல் என்ற இழையும் வருகிறது. அதில் கரைப்பானை ஏறத்தாழ முழுவதுமாக மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அதைக் கேட்டால் கடைக்காரர் என்னை விநோதமாகப் பார்க்கிறார்.

ஆகவே திரைச்சீலைக்குச் சென்னிமலைக் கைத்தறிப் பருத்தியைத்தான் வாங்கினேன், மீட்டர் 290 ரூபாய். வித்தியாசம் 350 ரூபாய். நமக்குத் தேவை 42 மீட்டர். பெருக்கினால் 14,700 ரூபாய். தயவுசெய்து நீங்களும் ஒருமுறை பெருக்கிப் பாருங்கள், எனக்கு அந்தத் தொகையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. நெசவாளர் ஒரு மீட்டரை இனாமாகச் சேர்த்துத் தந்தார். அதில்தான் கல்லாப்பெட்டி மேசைக்கு விரிப்பு தைத்திருக்கிறேன், இதோ, ஓரத் தையலைப் பாருங்கள், எவ்வளவு நேராக வந்திருக்கிறது! பார்சல் கட்டணத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்: 380 ரூபாய். கழித்தாலும் 14,320 மிச்சம்.

இனி நாற்காலிகள். மரத்தூள் பலகையில் செய்த மலிவான மேசை நாற்காலிகளை நான் ஏன் இந்தப் படிக்குள் ஏற்றுவதில்லை என்று பலர் கேட்கிறீர்கள். தூளை ஒட்டவைக்கும் யூரியா பார்மால்டிஹைடு பசை, ஈரத்திலும் வெப்பத்திலும் மெல்லச் சிதைந்து பார்மால்டிஹைடை வெளிவிடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பனிமூட்டம் உள்ளே வரக்கூடாது என்று ஆறு மாதம் சன்னலை அடைத்து வைத்திருக்கும் ஊரில், அந்த ஆவி வெளியே போக வழி ஏது? பலகையும் ஈரத்தில் ஊதி, திருகாணிகள் கழன்று, இரண்டு மழைக்காலத்தில் குப்பைக்குப் போய்விடும். ஒட்டுப்பலகை வாங்கியே ஆகவேண்டும் என்றால் பார்மால்டிஹைடு குறைவாக வெளிவிடும் ‘ஈ-1’ அல்லது அதைவிடக் குறைந்த உமிழ்வு வகைதானா என்று சோதனைச் சான்றிதழோடு கேளுங்கள். ‘பசுமை’ என்ற பச்சை இலைப் படம் சான்றிதழ் ஆகாது.

நான் வாங்கியவை கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த உண்ணிச்செடி நாற்காலிகள். அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அந்தச் செடி இன்று முதுமலைக் காட்டின் அடித்தளத்தையே மூடி, மானும் யானையும் மேயும் புல்லை வளரவிடாமல் செய்கிறது. அதை வெட்டி எடுப்பது காட்டுக்கு நல்லது என்பதால், மரத்தை வெட்டி நாற்காலி செய்யும் குற்றவுணர்ச்சியும் இல்லை. தண்டுகளை வெந்நீரில் வேகவைத்துப் பட்டையை உரித்து, சூடு ஆறுவதற்குள் வளைக்கிறார்கள். 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்ற யானை உருவங்கள் இந்தத் தண்டுகளால், நம் பழங்குடிக் கைவினைஞர்கள் செய்தவைதான். குறை ஒன்று உண்டு: இருக்கை கரடுமுரடாக இருக்கும், மெத்தை வைக்காவிட்டால் வாடிக்கையாளர் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்.

மெத்தைக்கு உள்ளே தென்னை நார், வெளியே கம்பளி உறை. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பருத்தி எரிய, சுற்றியுள்ள காற்றில் சுமார் 18 விழுக்காடு ஆக்சிஜன் போதும். கம்பளிக்குச் சுமார் 25 விழுக்காடு வேண்டும், நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதோ 21 மட்டுமே. எனவே தீத்தடுப்பு ரசாயனம் பூசாமலே, அடுப்பும் கணப்பும் உள்ள கடைக்கு அது பொருத்தமானது. ஊட்டிக்கு அருகிலுள்ள சாண்டிநல்லாவில் ஆட்டின ஆராய்ச்சி நிலையம் வைத்து நீலகிரி ஆட்டைப் பேணுகிறோம். அதன் மென்மையான கம்பளியில் நாற்காலி உறை நெய்து விற்க ஒருவரும் முன்வராதது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இப்போதைக்கு வெளியூர்க் கம்பளிதான்.

திரைச்சீலையைச் சன்னலோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிக் கம்பி பொருத்தியிருக்கிறேன். இல்லாவிட்டால் கண்ணாடியில் வழியும் நீரில் பருத்தி பூஞ்சை பிடித்துவிடும். கம்பியைத் தாங்கும் கொக்கிகள் இன்னும் வரவில்லை. அவை வந்ததும் மாட்டிக் காட்டுகிறேன்.