பாதிக் கடல் போன படகு

நடுவர் ஐயா, காசிமேட்டு மக்களே, எல்லாருக்கும் வணக்கம். கொடுத்திருக்கிறது எட்டு நிமிஷம், நேரா வந்துடுறேன்.

இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுட்டுப் பிடிச்ச படிப்புக்கு மாறுறது தெளிவா, தடுமாற்றமா? தெளிவுதான்னு பேச வந்திருக்கேன். ஆனா எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் ஒன்னு சொல்லிக் கைத்தட்டு வாங்கிட்டுப் போனார்: "டீசல் போட்டாச்சு, ஐஸ் ஏத்தியாச்சு, பாதிக் கடல் போயாச்சு. இதுக்கு மேல படகைத் திருப்புறவன் மீனவனா?"

அண்ணே, இதை நீங்க வேற எந்த ஊர்ல சொல்லியிருந்தாலும் தப்பிச்சிருப்பீங்க. காசிமேட்டுல சொல்லிட்டீங்க!

முன் வரிசையில உட்கார்ந்திருக்கிற பெரியவங்களைக் கேளுங்க. இழுவலை அடியில பாறையில சிக்கிடுச்சு. என்ன பண்ணுவாங்க? "டீசல் போட்டாச்சே"ன்னு இன்னும் முறுக்குவாங்களா? முறுக்கினா படகே கவிழும். முதல்ல வேகத்தைக் குறைப்பாங்க. வந்த வழியே படகைத் திருப்பி, எதிர்ப்பக்கம் இருந்து வலையை இழுத்துப் பார்ப்பாங்க. வரலையா, அறுத்து விட்டுடுவாங்க. காசு கொடுத்து வாங்கின வலைதான், மனசு எரியும். ஆனா ஆளும் படகும் கரைக்கு வரணுமே! அப்படி அறுத்துட்டு வந்தவரை இந்தக் குப்பத்துல யாராவது "நீ மீனவனா"ன்னு கேட்டிருக்கீங்களா? சொல்லுங்க, அம்மா!

எரிஞ்சு போன டீசல் திரும்ப டேங்குக்கு வராது அண்ணே. அதுக்காக இருக்கிற டீசலையும் எரிக்கச் சொல்றீங்க. கணக்கு போடுங்க. ரெண்டு வருஷம் முடிச்சு விலகுறவன் பி.ஏ. முதலாண்டுலதான் உட்காரணும், படிச்ச ரெண்டு வருஷம் கழியாது. ஒத்துக்கிறேன். ரெண்டும் மூணும் அஞ்சு. ஆனா நாலு வருஷ பி.இ.யை முடிக்க அண்ணா பல்கலைக்கழகம் 14 செமஸ்டர் வரைக்கும் அவகாசம் கொடுக்குது. ஏழு வருஷம்! அரியரோட அந்த ஏழு வருஷத்தை இழுக்கிற பிள்ளைங்க இந்தக் கூட்டத்துல இல்லையா? பி.ஏ. படிச்சா வேலை ஏதுன்னு கேட்டீங்க. டிஎன்பிஎஸ்சி குரூப் 1-ஓ யுபிஎஸ்சியோ, கேட்கிறது ஒரு பட்டம். அரியர் பட்டியலை இல்ல.

எப்படி மாறணும்னு எதிரணியில ஒருத்தரும் சொல்லல. நான் சொல்றேன், பெத்தவங்க கேட்டுக்கோங்க. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேத்தி, இன்ஜினைப் பிரிச்சு, வலை பின்னுற காலம். கல்லூரி மாறவும் அதுதான் காலம். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையத்துல விண்ணப்பம் மே மாசம் திறக்கும்; 2024-ல கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரிக்கும் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரிக்கும் அதே விண்ணப்பம்தான்.

பசங்க தப்பு பண்றது ஒரே இடத்துல: சொல்லாம கொள்ளாம நின்னுடுறாங்க. வருகை 75 சதவீதத்துக்குக் கீழ இறங்கும், அடுத்த செமஸ்டர் கட்டணம் பாக்கின்னு பேர் ஏறும், டிசி கேட்டுப் போனா பாக்கிக் கணக்கை நீட்டுவாங்க. அதனால முதல்வருக்கு விலகல் கடிதம் எழுத்துல கொடுங்க, பெத்தவங்க கையெழுத்தோட. நகல்ல தேதியும் முத்திரையும் வாங்குங்க. நூலகம், ஆய்வகம், ஹாஸ்டல், பஸ், எங்கயும் பாக்கி இல்லைன்னு கையெழுத்து வாங்கிட்டு டிசி, நன்னடத்தைச் சான்று. பல்கலைக்கழகம் மாறுறதால மைக்ரேஷன் சான்றிதழும் வேணும். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு 2018-லயே பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, சொல்லிடுச்சு, பயப்படாதீங்க. கல்விக் கடன் இருந்தா கடிதம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே வங்கி மேனேஜரைப் பாருங்க. படிப்பு நின்னா தவணை முன்னாடியே வந்துடும்.

ஆழம் பார்த்துட்டு இறங்கணுமா, அதுக்கும் வழி இருக்கு. 2022-லிருந்து ஒரு பட்டம் கல்லூரியில, இன்னொரு பட்டம் தொலைநிலையில, ரெண்டையும் ஒன்னா படிக்க யுஜிசி அனுமதிச்சிருக்கு. ஆறு செமஸ்டர் தாண்டினவனை விட்டுட்டு வான்னு நான் கூப்பிட மாட்டேன். அவன் முடிச்சிட்டு எம்.ஏ.வோ பி.எட்.டோ போகட்டும்.

தண்டையார்பேட்டைப் பையன் ஒருத்தன். முதலாண்டு இன்ஜினியரிங் கிராபிக்ஸ். ஏ2 தாள், டிராஃப்டர், 2எச் பென்சில் ஒன்னு, எச்பி ஒன்னு. அறுகோணப் பட்டகம் சாஞ்சு நிக்குது, மேலிருந்து பார்த்தா எப்படி, முன்னாடி இருந்து பார்த்தா எப்படின்னு வரையணும். மறைஞ்சிருக்கிற விளிம்பை விட்டு விட்டுக் கோடு போடணும். இவன் முழுக்கோடு போட்டான். பெயில். மறுபடி எழுதினான், மறுபடி பெயில். மூணாவது தடவை வகுப்புல ஆசிரியர் கோபத்துல அந்தத் தாளைத் திருப்பிப் போட்டார்.

பின்பக்கம் காசிமேடு!

நடுவர் ஐயா, இன்னொரு தடவை பாருங்க அந்தத் தாளை. முன்பக்கம் பூரா சிவப்பு மை. பின்பக்கம் விடியக்காலை ஏலம். 2எச் பென்சில்ல ஒவ்வொரு கயிறு, எச்பி-ல ஒவ்வொரு படகோட நிழல். பட்டகத்துக்கு வராத கை, படகுக்கு வருது! அதே தாள், அதே பென்சில், அதே பையன். மாறினது பக்கம் மட்டும்தான் ஐயா. ஆசிரியர் திட்ட வாய் எடுத்தவர் திட்டல. "பெரியமேட்டுல 1850-லிருந்து கவின் கலைக் கல்லூரி இருக்கே, போய்ப் பார்த்திருக்கியாடா?"ன்னு கேட்டார்.

பையன் அழுதுட்டான். கல்லூரியை நினைச்சு இல்ல, அம்மாவை நினைச்சு. அவங்க விடிய மூணு மணிக்கு ஏலத்துல நின்னு, கூடை தூக்கி வித்துக் கட்டின கட்டணம் அது. ராத்திரி அவங்க கூடையை இறக்கிட்டு உட்கார்ந்தப்போ, பேச வராம, தாளைத் திருப்பி மடியில வெச்சான்.

மணி கேட்டுச்சு ஐயா, இதோ முடிச்சிடுறேன்.

அந்தம்மா ஈரக்கையை முந்தானையில ரெண்டு தடவை துடைச்சாங்க. தாள் நனைஞ்சிடக் கூடாதுன்னு தள்ளிப் பிடிச்சுப் பார்த்தாங்க. "இன்னாடா... உங்க அப்பா போவுற போட்டுடா இது. முன்னாடி அணியத்துல கயிறு பிஞ்சிருக்குமே, அதைக்கூட உடாம போட்டுகீற. அந்த பெரியமேட்டு காலேஜுல எப்போ சேக்குறாங்கன்னு நாளைக்குக் கேட்டுனு வா."