சேகோ களத்தில் ஓடும் சக்கரம்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விளையாட்டு வீரன் இல்லை. ஸ்கேட்டிங் ஷூவை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மாட்டிப் பார்த்திருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டே பத்தடி போனேன், சுவர் முடிந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பேரிங் கடை வைத்திருப்பவன் நான். பம்பு செட், விசைத்தறி, சேகோ ஆலை மிஷின் என்று எதில் கரகரவென்று சத்தம் வந்தாலும் கடைசியில் என் கடைப் படிதான் ஏறுவார்கள். நிலையத்திலிருந்து கூப்பிட்டு, "ஆண்கள் இன்லைன் ஹாக்கி உலகப் போட்டியைப் பற்றி ஒரு உரை கொடுங்கள்" என்றபோது வீட்டில் சிரித்துவிட்டார்கள்.

நான் இதற்குள் வந்த கதை சின்னதுதான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் கடைக்கு வந்து, "அண்ணா, 608 பேரிங் பதினாறு வேணும்" என்றான். 608 என்பது கையடக்கமான பேரிங். உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவட்டம் 22, கனம் 7. மிக்ஸியிலும் சின்ன மோட்டாரிலும் ஒன்றோ இரண்டோ இருக்கும். பதினாறு எதற்கு? பையன் பையிலிருந்து ஒரு ஷூவை எடுத்து மேஜைமேல் வைத்தான். அடியில் நான்கு சக்கரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில். இன்லைன் என்பது இதைத்தான். சக்கரத்துக்கு இரண்டு பேரிங், ஷூவுக்கு எட்டு, இரண்டு காலுக்கும் பதினாறு. கணக்கு சரியாக இருந்தது. "இதைப் போட்டுக்கிட்டு என்னப்பா பண்ணுவே?" என்றேன். "ஹாக்கி ஆடுவேன்ணா" என்றான்.

ரேடியோவில் எதையும் காட்ட முடியாது. ஆனால் கேட்க வைக்கலாம், அதற்காக இரண்டு சக்கரங்களைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். இதோ முதல் சக்கரம், மைக் பக்கத்தில் சுற்றிவிடுகிறேன். விஸ்ஸென்று ஒரே சீராகப் போகிறது, இல்லையா? இப்போது இரண்டாவது. கேட்டீர்களா, பல்லுக்குள் மணல் அகப்பட்ட மாதிரி? இது நேற்று மாலை வரை சிமெண்டுத் தரையில் ஓடியது. நம் ஊர்த் தூசு போன இடம் இது. பையன்கள் வந்து, "ஏபெக் 9 கொடுங்கண்ணா, ஸ்பீடா போகும்" என்பார்கள். ஏபெக் எண் என்பது பேரிங் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டது என்பதற்கான தரம்தான். வேகத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. மணலுக்கு ஏபெக் 5, ஏபெக் 9 என்ற பாகுபாடெல்லாம் தெரியாது. ரப்பர் மூடி போட்டதை வாங்கிக்கொண்டு போ என்று சொல்லி விலை குறைந்ததைத்தான் கொடுப்பேன். வியாபாரத்துக்கு இது நல்லதில்லை.

தரையைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன். இந்த ஆட்டத்தின் கதையே தரையின் கதைதான்.

சக்கரத்தைக் காலில் கட்டிக்கொள்ளும் ஆசை பழசு. 1760களில் லண்டனில் ஜோசப் மெர்லின் என்ற கைவினைஞர் ஒரு விருந்துக்குச் சக்கரம் வைத்த காலணியோடு, வயலின் வாசித்துக்கொண்டே உருண்டு நுழைந்தாராம். நுழைவதெல்லாம் பிரமாதமாக நுழைந்தார், நிற்கத்தான் தெரியவில்லை. ஐந்நூறு பவுண்டுக்கு மேல் விலையுள்ள ஒரு பெரிய கண்ணாடியில் போய் மோதி, கண்ணாடி போச்சு, வயலின் போச்சு, அவருக்கும் பலத்த அடி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பனிக்கட்டியில் நிற்பது வேறு. கத்தியைக் குறுக்கே திருப்பினால் ஐஸைச் சீவிக்கொண்டு நின்றுவிடும். சக்கரம் அப்படிச் சீவாது, பிடித்துக்கொள்ளும். நிற்கவும் திரும்பவும் தனியாகப் பழக வேண்டும். எங்கள் பையன்கள் முதல் மாதம் முழுக்க நிற்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

அப்புறம் 1980. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம், மினியாபொலிஸ். ஐஸ் ஹாக்கி ஆடும் அண்ணன் தம்பி, ஸ்காட் ஓல்சன், பிரென்னன் ஓல்சன். கோடையில் ஐஸ் கிடையாது, பயிற்சி விட்டுப்போகிறது. ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஒரு பழைய காலணி கையில் கிடைத்தது. அதைத் திருத்தி ஹாக்கி ஷூவுக்கு அடியில் பொருத்தினார்கள். அதிலிருந்து வந்ததுதான் ரோலர்பிளேடு கம்பெனி. ஆக, ஐஸ் இல்லாத மாதங்களுக்கென்று பிறந்த சாமான் இது.

உலகப் போட்டிக்கு வருகிறேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகச் சாம்பியன் பட்டத்தை இரண்டு அமைப்புகள் தனித்தனியாக நடத்தின. ரோலர் விளையாட்டுகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1995ல் சிகாகோவில் தொடங்கியது. பன்னாட்டு ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு மறு வருஷமே, 1996ல், தன் போட்டியைத் தொடங்கியது. எங்கே? ஓல்சன் சகோதரர்களின் அதே மினியாபொலிஸில், பக்கத்து ஊரான செயின்ட் பாலையும் சேர்த்து. சக்கரத்தில் ஓடுகிறது என்பதால் எங்களுக்கு என்றார்கள் இவர்கள். ஹாக்கி என்பதால் எங்களுக்கு என்றார்கள் அவர்கள். இரண்டிலும் முதல் பட்டம் அமெரிக்காவுக்கு. ஒரே ஆட்டத்துக்கு ஒரே காலத்தில் இரண்டு உலகச் சாம்பியன்கள் என்றால் ரசிகன் எதை நம்புவான்? எனக்கு இன்றுவரை இது சரியாகப் படவில்லை.

ஐஸ் ஹாக்கிக்காரர்கள் நடத்தியது 2017ல் சுலோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவோடு நின்றது. 2019ல் இன்லைனே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ரோலர்காரர்கள் 2017ல் வேர்ல்டு ஸ்கேட் என்று பெயர் மாறி, சீனாவின் நான்ஜிங்கில் எல்லாச் சக்கர விளையாட்டுகளையும் ஒரே திருவிழாவாக்கினார்கள். இரண்டு வருஷம் கழித்து பார்சிலோனாவில் மறுபடி. அந்த உலகப் போட்டி இன்றும் நடக்கிறது.

நின்றுபோன போட்டியில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். நடந்த ஊர்களைப் பாருங்கள். பின்லாந்தில் குவோபியோ, சுவீடனில் கார்ல்ஸ்டாட், பின்லாந்திலேயே தாம்பெரே. குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி ஆடி முடித்த ஊர்கள். போட்டி நடந்தது ஜூன், ஜூலையில். ஐஸை உருக்கி வடித்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு பெரிய கூடம், வழுவழுப்பான தரை, சுற்றிலும் மூலை வளைந்த பலகைச் சுவர், ரசிகர்கள் உட்கார மாடம். அதன்மேல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் ஓடுகளை விரித்தால் ரிங்க் தயார். புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. இன்னொன்றுக்காகக் கட்டிய இடம் சும்மா கிடக்கும் மாதங்களில் இந்த ஆட்டம் குடியேறுகிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று நம் ஊர் சேகோ களம்தான் ஞாபகம் வந்தது. சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசியாக்கி வெயிலில் காயவைக்க ஒவ்வொரு ஆலையிலும் பரந்த சிமெண்டுக் களம் இருக்கும். மணி ஒட்டக் கூடாது, மண் சேரக் கூடாது என்பதால் பூச்சு அவ்வளவு நைசாக இருக்கும். அரவை நின்ற மாதங்களில் அது வெறுமனே வெயில் காய்கிறது. தெரிந்த ஆலைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "பேரிங் கடனுக்கு கொடுத்தவராச்சே" என்று சிரித்துக்கொண்டே சாவியைத் தந்தார்.

களம் நைஸ்தான், ஆனால் இரண்டு சங்கடம். மழைத்தண்ணீர் வடிய ஒரு பக்கமாக வாட்டம் விட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஸ்டிக்கால் தட்டி ஆடும் பக்குக்குத் தெரிகிறது. தட்டிவிட்டால் தானாகவே தெற்கு மூலைக்குப் போய்ச் சேரும். அதனால் எங்கள் ஆட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிக்கொள்கிறோம். இன்னொன்று, பாத்திக்குப் பாத்தி நடுவில் இருக்கும் இணைப்புக் கோடு. பக் என்பது வட்டமான பிளாஸ்டிக் வில்லை. ஐஸ் ஹாக்கியின் ரப்பர் வில்லையைவிட எடை குறைவு. தரையோடு ஒட்டாமல் வழுக்கிப் போக இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் குமிழ்கள் வைத்திருப்பார்கள். அந்தக் குமிழ் கோட்டில் தட்டினால் போதும், பக் நட்டுக்க நின்று சக்கரம் போல் உருள ஆரம்பித்துவிடும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு, கோல் காக்கும் கோலிக்கு அழுகை.

ஆட்டமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் ஹாக்கியில் களத்தில் ஐந்து பேர், அதோடு கோலி. இதில் நான்கு பேரும் கோலியும். அந்த ஓர் ஆள் குறைவதில் எவ்வளவு இடம் திறந்துவிடுகிறது தெரியுமா! உடம்பால் மோதிச் சாய்ப்பது தப்பு. அதனால் பலசாலியைவிடப் பாஸ் கொடுக்கத் தெரிந்தவனுக்கு மதிப்பு. ஐஸ் ஹாக்கி அமைப்பின் போட்டியில் 12 நிமிடம் வீதம் நான்கு பகுதி. மேல் பிரிவில் எட்டு அணி, கீழ்ப் பிரிவில் எட்டு அணி. மேலே கடைசியாக வந்தவர் இறங்குவார், கீழே ஜெயித்தவர் ஏறுவார்.

அந்தக் கீழ்ப் பிரிவில் யார் யார் ஆடினார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். பிரேசில், அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா. பட்டம் பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, பின்லாந்து, சுவீடன் என்று பனி நாடுகளுக்கே போனது, உண்மைதான். ஆனால் ஐஸ் ஹாக்கி என்றால் கனவிலும் பக்கத்தில் வராத பிரேசில் இங்கே உலகப் போட்டியில் நின்றது. பாலைவன நாடான நமீபியா ரோலர்காரர்களின் உலகப் போட்டிக்கு அணி அனுப்பியிருக்கிறது. எங்கள் பையன்களிடம் ஜெயித்தவர்களைவிட நமீபியாவைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

நம் நாட்டில் ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பின் தேசியப் போட்டிகளில் இரண்டு ஹாக்கிக்கும் இடம் உண்டு. இரண்டா என்று கேட்பீர்கள். நான்கு மூலையிலும் சக்கரம் வைத்த குவாட் ஷூ போட்டு, பந்தும் குட்டை ஸ்டிக்கும் வைத்து ஆடுவது ரோலர் ஹாக்கி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அது காட்சி ஆட்டமாக இடம்பெற்றது. நாம் பேசுவது இன்லைன். அதற்கு ஒலிம்பிக் வாசல் இன்னும் திறக்கவில்லை. ஓட்டப் பக்கத்தில் மட்டும் தமிழ்நாடு கொடி நாட்டிவிட்டது. நம் ஆனந்த்குமார் வேல்குமார் 2025ல் சீனாவில் நடந்த ஸ்பீடு ஸ்கேட்டிங் உலகப் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வாங்கினார். அந்த வாரம் என் கடையில் 608 பேரிங் தீர்ந்துபோனது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சில வருஷத்துக்கு முன் "அகில இந்திய" என்று போட்ட ஒரு போட்டிக்கு வேன் பிடித்துப் போனோம். நுழைவுக் கட்டணம் தலைக்கு வாங்கிக்கொண்டார்கள். போய்ப் பார்த்தால் ஜல்லி பெயர்ந்த ஒரு திறந்தவெளி, நம் அணியோடு சேர்த்து மூன்றே அணி. மூன்றுக்கும் கோப்பை, எல்லோருக்கும் சான்றிதழ். பிற்பாடு ஒரு பையன் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அந்தச் சான்றிதழை நீட்டினான், இது செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். அன்று அவன் அப்பா என் கடையில் வந்து உட்கார்ந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை. பணம் கட்டும் முன் அங்கீகாரம் யாருடையது என்று கேளுங்கள்.

ஏற்காட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு மே மாதம் முயன்று பார்த்தோம். இருபது கொண்டை ஊசி வளைவையும் கோலியின் கால்காப்பை மடியில் வைத்துக்கொண்டு ஏறினோம். குளுகுளுவென்று இருந்தது, பையன்களுக்கு ஏகக் குஷி. நான்கு மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. தரையில் கண்ணுக்குத் தெரியாத ஈரம். பாலியூரித்தேன் சக்கரத்துக்கு ஈரத் தரை என்றால் எண்ணெய் தடவின மாதிரி. பத்து நிமிடத்தில் ஆறு பேர் விழுந்தார்கள். டீ குடித்துவிட்டு இறங்கிவிட்டோம்.

சக்கரம் வாங்கும்போது மேலே உள்ள கெட்டித்தன்மை எண்ணைப் பாருங்கள். 74, 76 என்றால் மெத்தென்றது, உள்ளரங்கத்துக்கு. நம் சிமெண்டுக்கு 82க்கு மேல் கெட்டியானது வேண்டும். மெத்தென்றதைக் களத்தில் ஓட்டினால் அழிரப்பர் மாதிரி தேய்ந்து, ஒரே மாதத்தில் திரும்ப வருவீர்கள். சக்கரம் நான் விற்பதில்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

சரி, மணியைக் காட்டுகிறார்கள். இந்த வருஷம் அரவை முடிந்து சாவி கைக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, வெயில் ஏறுவதற்குள் ஆட்டம். இடம் தெரியாதவர்கள் கடையில் வந்து கேளுங்கள். வரும்போது ஒரு தென்னந்துடைப்பம் கொண்டுவந்தால் உபகாரம். களத்தைக் கூட்டி முடிக்கவே அரை மணி நேரம் ஆகிறது.

வணக்கம்.