சுவர் இருந்தால்தான் சித்திரம்

(காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியின் ஓவியக் கண்காட்சித் திறப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வாழ்த்துரையைச் சுருக்கி எனக்கு நேரம் ஒதுக்கித் தந்த வார்டு உறுப்பினர் அவர்களே, பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரே, விரலில் வண்ணம் காயாமல் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம். ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவையும், டிசைனைத் தறிக்குச் சொல்லும் துளையிட்ட ஜக்கார்டு அட்டைகளையும் தூக்கிக்கொண்டு வந்து, காலையிலிருந்து குழந்தைகளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறாரே அந்த நெசவாளர் ஐயா, அவருக்கு இன்றைக்கு ஒரு நாள் கூலி போயிற்று. நாம் போர்த்திய பொன்னாடை அதற்கு ஈடாகாது.

ஆடை வடிவமைப்பு வழியாகக் குழந்தைக்கு ஓவியம் சொல்லித்தருவது பற்றிப் பேசச் சொன்னார்கள். உருவம், நிறம், மதிப்பெண் என்று மூன்றைப் பற்றிச் சொல்ல நினைத்து வந்திருக்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். அந்தச் சுவர் எது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

நான் 32 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஆரம்பத்தில் கரும்பலகையில் இரண்டு மலை, நடுவே ஒரு சூரியன் போட்டு, அதைப் பார்த்து வரையச் சொல்வேன். ஐம்பது நோட்டிலும் ஐம்பது சூரியன். எல்லாம் என்னுடைய சூரியன். பிறகு ஒரு வருடம் மாற்றிச் சொன்னேன்: "உங்க வீட்டுல யாராவது ஒருத்தருக்கு ஒரு உடுப்பு வரைஞ்சுட்டு வாங்க. வரையறதுக்கு முன்னாடி அவங்களையே கேளுங்க. நாள் முழுக்க என்ன வேலை, எங்கே வேர்க்குது, எங்கே கிழியுது?"

பூ விற்கும் ஆயாவுக்கு ஒரு பெண் ரவிக்கை வரைந்து வந்தாள். சுருக்குப்பை இடுப்பிலிருந்து நழுவுகிறதாம், அதனால் உள்பக்கம் ஒரு பை வைத்திருந்தாள். ஓவியத்தில் தலையின் நீளத்தை வைத்துத்தான் ஆளின் உயரத்தை அளப்போம். ஃபேஷன் படங்களில் வரும் பெண் ஒன்பது தலை உயரம் இருப்பாள். ஆயாவைக் கையால் அளந்துவிட்டு வந்து, "சார், எங்க ஆயா ஏழு தலைதான்" என்றாள் அந்தப் பெண். நிஜ மனிதர்கள் ஏழு, ஏழரைத் தலைதான் இருப்பார்கள். உடலின் விகிதத்தை நான் நடத்தவே தேவையில்லாமல் போயிற்று.

அதே வகுப்பில் ஒரு பையன். வரைகிற நோட்டைத் திறக்கவே மாட்டான். அவன் அம்மாவுக்கு ஒரு புடவை வரைந்து வந்தான். கரை முழுக்கத் தோகை விரித்த மயில். மறுநாள் காலை அவன் அப்பா வகுப்பு வாசலில் நிற்கிறார், கையில் அந்தப் படம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "சார், இந்த மயிலு தறியில நிக்காது சார். ராத்திரியெல்லாம் தூங்க விடலை. அம்மாவுக்கு இதை நெய்யி நெய்யின்னு உயிரை வாங்குறான்."

சாக்பீஸை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முதலில் கூச்சப்பட்டார். அப்புறம் பலகை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். "குறுக்கே ஒரு வரி ஒரு ஊடை. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. கட்டத்துல புள்ளி வெச்சா பாவு மேலே ஏறும், வெக்கலைன்னா ஏறாது. அவ்வளவுதான் தறிக்குத் தெரியும்." ஊடை குறுக்கே ஓடும் நூல், பாவு நெடுக்கே ஓடும் நூல். மயிலின் கழுத்து வளைவு படிப்படியாக மாறியது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். "மயிலு மாதிரியே இல்லையே!" என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே எல்லோரையும் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்று பார்க்கச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் படிகள் காணோம், கழுத்து வளைந்து நிற்கிறது! அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த பீரியடுக்கு வந்த கணக்கு ஆசிரியரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை வரி, எத்தனை அட்டை என்று எண்ணிப் பார்த்தது அவர் தலைமையில்தான். பையன் கணக்கு நோட்டின் கட்டத்தில் அன்றே அந்த மயிலைத் திரும்ப வரைந்தான்.

அப்பா அதை நெய்தாரா என்று கேட்பீர்கள். நெய்யவில்லை. பட்டும் ஜரிகையும் விற்கிற விலையில் தனக்கென்று பாவு பூட்ட அவரால் முடியாது. கொடுக்கிற டிசைனைத்தான் நெய்ய வேண்டும். ஆனால் இதே ஊர்ப் பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தபோது பார்த்தேன், தறிக்கு மேலே சுவரில் அந்தக் கணக்கு நோட்டுத் தாள் ஒட்டியிருந்தது.

நிறத்தைப் பற்றியும் மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. தாழம்பூக் கரை போட்ட புடவைக்கு உடல் பகுதியில் என்ன நிறம் சேரும் என்று இங்கிருக்கும் தாய்மார்களுக்கே தெரியும். அது இருக்கட்டும், இப்போது சொல்லப்போவது அதைவிட அவசரம். சுவர் இருந்தால்தான் சித்திரம். அந்த அப்பா வந்த நாளில் வகுப்பில் ஓவிய ஆசிரியர் என்று ஒருவர் இருந்தார். இல்லையென்றால் அவர் யாரிடம் போய் நின்றிருப்பார்?

சென்னையில் இன்று கவின் கலைக் கல்லூரியாக இருக்கும் பள்ளியை 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய காலத்தில், ஓவியமும் கைத்தொழிலும் சேர்ந்தேதான் இருந்தன. அதே தமிழ்நாட்டில்தான் 2012இல் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி எல்லாவற்றுக்குமாக 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் என்று தொடங்கியது அவர்கள் வேலை. மூன்று அரை நாளில் ஒரு பள்ளிக்கு எத்தனை வகுப்பைப் பார்க்க முடியும்? தேர்வு நெருங்கினால் அந்த ஓவிய பீரியடையும் வேறு பாடம் எடுத்துக்கொள்ளும். சுவரில் பாதியை மட்டும் எழுப்பிவிட்டுச் சித்திரம் கேட்கிறோம். ஓவியமும் தையலும் தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஒரே பள்ளியில் முழுநேரம் இருந்து, சேர்ந்து திட்டம் போட்டால், குழந்தை வரைந்ததைக் குழந்தையே வெட்டித் தைத்துப் பார்க்கலாம். ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ள ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் நிரந்தர ஓவிய ஆசிரியர் ஒருவர் வேண்டும். இருபது ஆண்டுகளாக ஏறிய மேடையிலெல்லாம் இதைத்தான் கேட்கிறேன், கிடைக்கிற வரை கேட்பேன்.

வாசலில் ஒரு மேசை போட்டு மனுவை வைத்திருக்கிறோம். பெயர், குழந்தை படிக்கும் வகுப்பு, கையெழுத்து, இவ்வளவுதான் கேட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு எட்டாம் வகுப்பு அறைக்கும் போங்கள். இடது பக்கச் சுவரில் முப்பத்தெட்டு உடுப்புகள் மாட்டியிருக்கின்றன. யாருக்காக வரைந்தது என்று ஒவ்வொன்றின் கீழும் குழந்தைகளே எழுதியிருக்கிறார்கள். அதில் உங்கள் பெயரும் இருக்கலாம். நன்றி, வணக்கம்.