பழைய காரின் கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்?

வணக்கம் நேயர்களே. பழைய கார் வைத்திருப்பவர்கள் எஞ்சின் ஆயிலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கியர்பாக்ஸ் என்று வந்துவிட்டால், "இருக்கிறதுலேயே நல்லதா ஊத்துங்க" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடையில் உயர்ந்த ரகமாக இருப்பது உங்கள் கியர்பாக்ஸுக்கு ஒத்துவராமல் போகலாம்.

கியர் ஆயில் டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று அதன் தர வகையை அச்சிட்டிருப்பார்கள். 5 பெரிய எண், அதனால் அதுதான் மேல் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஜிஎல்-5 முக்கியமாகப் பின் அச்சில் இருக்கும் ஹைபாய்டு பற்சக்கரங்களுக்காக வந்தது. அங்கே பற்கள் ஒன்றின்மேல் ஒன்று பெரும் அழுத்தத்தோடு வழுக்கிக்கொண்டே சுழலும். சாதாரண ஆயில் படலம் அதைத் தாங்காது. அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்களைச் சேர்க்கிறார்கள். ஜிஎல்-4இல் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஜிஎல்-5இல் இருக்கும்.

கியர்பாக்ஸுக்குள் கதை வேறு. பழைய கியர்பாக்ஸ்கள் பலவற்றில் சிங்க்ரோ வளையங்கள் பித்தளையிலோ வெண்கலத்திலோ செய்யப்பட்டவை. சூடு ஏறும்போது, வீரியமான கந்தகச் சேர்மானம் இந்த உலோகங்களை அரிக்கக்கூடும். இப்போது வரும் ஜிஎல்-5 ஆயில்கள் பலவற்றில் அரிப்பைத் தடுக்கும் பொருளும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அரிப்பு மட்டுமே பிரச்சினை இல்லை. கியர் மாற்றும்போது சிங்க்ரோ வளையம் கியரின் கூம்பைப் பிடித்து உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்க வேண்டும். அதற்கு உராய்வு தேவை. ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்காது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது 'கரக்' என்று சத்தம் வந்தால், கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்வதற்கு முன் உள்ளே என்ன ஆயில் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டுக்கும் பொருந்தும் என்று எழுதிய டப்பாக்களும் உண்டு. நான் அதை 5 என்றே எடுத்துக்கொள்வேன்.

அடுத்து கெட்டித்தன்மை. கியர் ஆயிலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் அளவுகோல் வேறு வேறு. கியர் ஆயிலில் 90 என்பது, சூடான நிலையில், எஞ்சின் ஆயிலில் 40க்கும் 50க்கும் பக்கத்தில்தான் வரும். அதனால் காரோடு வந்த கையேட்டில் கியர்பாக்ஸுக்கு எஞ்சின் ஆயில் ஊற்றச் சொல்லியிருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். 1959இல் வந்த மினி காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைத்தான் பகிர்ந்துகொண்டன. எம்ஜிபி காரின் கியர்பாக்ஸுக்கும் எஞ்சின் ஆயில்தான். அதில் ஓவர்டிரைவ், அதாவது வேகமாக ஓடும்போது எஞ்சினின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு, பொருத்தியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதற்குள் இருக்கும் கூம்பு கிளட்சும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது. வீரியச் சேர்மானம் கலந்த ஆயிலை ஊற்றினால் அது பிடிப்பை இழந்து வழுக்கலாம்.

கியர்பாக்ஸ் சத்தம் போடுகிறது என்று இன்னும் கெட்டியான 140 கியர் ஆயிலை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சத்தம் குறையும், தேய்மானம் குறையாது. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது கியர் விழாமல் அடம்பிடிக்கும், அவ்வளவுதான் லாபம்.

பின் அச்சை மட்டும் தனியாகப் பாருங்கள். அங்கே ஹைபாய்டு இருந்தால் கையேடு சொல்லும் ஹைபாய்டு ஆயில்தான், கியர்பாக்ஸுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று அதை ஊற்றிவிடக் கூடாது.

சரி, மாற்றும்போது ஒரு விஷயம். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்துங்கள். முதலில் ஆயில் ஊற்றும் துளையின் திருகைக் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், கீழே வடித்த பிறகு புது ஆயிலை உள்ளே விட வழியிருக்காது. வடிந்த ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள். மிக நுண்ணிய மஞ்சள் மினுமினுப்பு கொஞ்சம் இருந்தால் அது சிங்க்ரோவின் வழக்கமான தேய்மானம். கையில் எடுக்கிற அளவுக்கு இரும்புத் துண்டு வந்தால் புது ஆயில் வாங்கிப் பயனில்லை, கியர்பாக்ஸைத் திறந்தாக வேண்டும். நன்றி, வணக்கம்.