ஆளுக்கொரு மெட்டு: எம்.பி.சீனிவாசனின் சேர்ந்திசை

[திரை இருட்டு. பல குரல்கள் மட்டும்.]

வணக்கம். மார்கழி பஜனையை நினைத்துப் பாருங்கள். ஐம்பது பேர் பாடுவார்கள், மெட்டு ஒன்றுதான். நம் ராகம் ஒற்றை இழையாகவே வளர்கிறது. சரி, அந்த ஐம்பது பேரும் அணி அணியாகப் பிரிந்து ஒரே நேரத்தில் வேறு வேறு ஸ்வரங்களைப் பாடினால்? அதுதான் சேர்ந்திசை. தமிழில் அதைச் செய்து காட்டியவர் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். சுருக்கமாக எம்.பி.எஸ்.

[திரையில்: பிறப்பு – 1925, சித்தூர், ஆந்திரம்]

மாணவப் பருவத்திலேயே கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்துவிட்டார். டெல்லியில் கேரளக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனுக்குச் செயலாளராக இருந்தார். அவர் மணந்த சாகிதா, பஞ்சாபின் விடுதலைப் போராட்டத் தலைவர் சைபுதீன் கிச்லுவின் மகள். 1919-இல் கிச்லுவையும் இன்னொரு தலைவரான சத்யபாலையும் கைது செய்ததைக் கண்டித்து மக்கள் கூடிய இடம்தான் ஜாலியன்வாலா பாக்.

1960-இல் நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தார். ஜெயகாந்தன் எழுதிய ‘தென்னங்கீற்று ஊஞ்சலிலே’ அந்தப் படத்துப் பாட்டுதான். படம் மறந்துபோனாலும் பாட்டு மறக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரு மலையாளப் படத்துக்காக கேரளச் சீர்திருத்தவாதி நாராயண குருவின் ‘ஜாதி பேதம்’ வரிகளை ஓர் இளைஞரைப் பாட வைத்தார். யேசுதாஸ் திரைக்காகப் பாடிய முதல் பதிவு அது. திரை இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்ததிலும் முன்னின்றார்.

ஆனால் எனக்கு அவருடைய பெரிய வேலையாகத் தெரிவது சேர்ந்திசை. 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். பாட்டைத் தொழிலாகக் கொள்ளாத இளைஞர்களும் அதில் பாடினார்கள். பாரதியின் கவிதைகள் பல குரல்களில் எழுந்தன.

[திரையில்: ச – க – ப]

இது ஏன் கடினம்? ஓர் அணி ‘ச’ பிடிக்கிறது, இன்னொன்று ‘க’, மூன்றாவது ‘ப’. மூன்றும் அசையாமல் நின்றால் காதுக்கு நிறைவாக இருக்கும். நம் பாட்டிலோ ஸ்வரம் நிற்பதில்லை, கமகத்தில் அசைகிறது. இரண்டு அணிகள் ஆளுக்கொரு பக்கம் அசைந்தால் உரசும். மோகனம் போன்ற ராகத்தில் ‘ம’வும் ‘நி’யும் கிடையாது. ராகத்தை விட்டு விலகாமல் இன்னொரு குரலைச் சேர்க்க வேண்டுமென்றால், கையில் இருப்பது ஐந்தே ஸ்வரங்கள்.

பாடுகிறவர்களுக்கும் சிரமம்தான். தனியாகப் பாடும்போது மெட்டு சரியாக வரும். பக்கத்து அணி வேறு மெட்டை எடுத்ததும் நாக்கு அங்கே இழுத்துக்கொண்டு போய்விடும். காதால் அவர்களைக் கேட்டுக்கொண்டே தன் ஸ்வரத்தை விடாமல் பிடிக்க வேண்டும். சாதாரண மனிதர்களாலும் இது முடியும் என்று எம்.பி.எஸ். நம்பினார். எதிரே நின்று, கையசைவில் அவர்களை நடத்திப் பாட வைத்தார்.

[திரையில்: 1988, லட்சத்தீவு]

1988 மார்ச் மாதம் லட்சத்தீவில் காலமானார். சென்னைக் குழு அவருக்குப் பிறகும் பாடியது. திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஒரு சேர்ந்திசைக் குழு எழுந்தது.